எட்டாவது செவ்வாய்க்கிழமை

டிவியில் அந்தத் தொடர் எட்டு வாரம்தான் வந்தது. பதின்மூன்று வாரம் வரும் என்று முதல் நாளே எழுத்துப் போட்டுக் காட்டியிருந்தார்கள். எட்டில் ஏழைத்தான் நான் பார்த்தேன். ஆனால் என் நோட்டில் எட்டு வாரத்துக்கும் குறிப்பு இருக்கிறது.

நகரியில் எங்கள் வீட்டு முன்னறையில் டிவி, பின்னால் தறிக்கொட்டகை. நான்கு விசைத்தறிகள். இரண்டை நைனா, என் அப்பா, பார்ப்பார், இரண்டை அக்கா. அம்மா நூல் சுற்றுவாள், யாராவது எழுந்துபோனால் அவர்கள் இடத்தில் நிற்பாள். நான் இன்டர் என்ற பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கரண்ட் முறை வைத்து வந்த காலம் அது. வரும் நேரத்தில் தறி நிற்கக் கூடாது என்பது நைனாவின் சட்டம். நான்கும் ஓடும்போது, முன்னறையில் இருப்பவர் டிவிக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தால்தான் வசனம் காதில் விழும். கொட்டகையில் இருப்பவர்களுக்கு முன்னறையில் என்ன நடந்தாலும் கேட்காது. அவர்கள் உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

டிவி வாங்கியது மாமா, அக்காவின் வீட்டுக்காரர். குவைத்தில் லாரி ஓட்டினார். முதல் லீவில் வந்தபோது திருப்பதியில் வாங்கி, பஸ் மேல் கட்டிக் கொண்டுவந்தார். ஆன்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்பிக் கட்டியதும் அவர்தான். தெருவில் இருந்த மற்ற இரண்டு ஆன்டெனாக்களும் தெலுங்குக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த லீவிலேயே அக்காவுக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்தார். என்றாவது ஒரு நாள் கூட்டிப்போவதாகச் சொன்னார். அவருக்கு அப்பா அம்மா இல்லை, இவர்களுக்குக் குழந்தையும் இல்லை. அவர் திரும்பிப் போனதும் அக்கா எங்களோடு வந்துவிட்டாள். மாதம் ஒரு கடிதம் வரும். தொடர் தொடங்கிய வாரத்தில் கடிதம் நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணி. எதிர்வீட்டு அத்தையும் அவர் மருமகளும் ஏழு மணிக்கே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். தொடரில் ஒரு பெரிய வீடு, அதில் மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார்கள், ஒரு கொழுந்தன். மூத்த மகன் வெளிநாடு போகிறான், அவன் மனைவி அந்த வீட்டில் இருக்கிறாள். அவ்வளவுதான் கதை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மாமனார் எந்தக் காட்சியிலும் ஒரே செய்தித்தாளை மடித்துக்கொண்டிருப்பார். டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் அதே பச்சை சோபாதான். ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள்காரன் எப்போதும் இடமிருந்து வலமாகப் போவான், திரும்பி வந்து பார்த்ததே இல்லை. நாத்தனாருக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை. ஆறாவது வாரம் அது நான்கு வயதுப் பிள்ளையாக வந்து நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

"ஏழு நாள்ல இம்மாம் வளந்துடுச்சே, இன்னா துன்னுது அது? நம்ம ஊட்டுப் புள்ளைக்கும் ரெண்டு கரண்டி வாங்கியாறணும்" என்றார் அத்தை.

"அந்த வூட்ல காப்பியத் தவிர ஒண்ணுமே வெச்சுக் குடுக்கல அத்தை. காப்பியிலதான் வளந்திருக்கும்" என்றாள் மருமகள்.

முதல் இரண்டு வாரம் அக்காவும் முன்னறையில் உட்கார்ந்தாள். இரண்டாவது வாரம் அந்த மனைவி தபால்காரனைப் பார்த்து வாசலுக்கு ஓடினாள். தபால்காரன் நிற்காமல் போனான். அப்போது அத்தையும் மருமகளும் டிவியைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அத்தை பாவப்பட்டுத்தான் பார்த்தார். அக்கா எழுந்து கொட்டகைக்குப் போனாள்.

மறுநாள் என்னிடம் சொன்னாள்: "நான் தறியில நிக்கறேன். நீ பார்த்துட்டு எழுதி வையிடி. காலையில படிச்சுக் காட்டு."

எனக்கு அது பிடித்த வேலை. எட்டாம் வகுப்பிலிருந்து டைரி எழுதுகிறவள் நான். நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றை அதற்கென்று வாங்கினேன். முதல் இரண்டு வாரத்தையும் நினைவிலிருந்து எழுதினேன். மூன்றாவது வாரத்திலிருந்து ஒழுங்கு வந்துவிட்டது: யார் யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், யார் என்ன நிறம் கட்டியிருந்தார்கள், கடைசியில் எந்த முகத்தில் நிறுத்தித் 'தொடரும்' போட்டார்கள். புதன்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரை எங்கள் தெருவுக்குக் கரண்ட் இருக்காது. கொட்டகை ஓய்ந்து கிடக்கும். அக்கா அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள், நான் தறியின் மரக்கட்டையில் உட்கார்ந்து படிப்பேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். கடிதம் வராத இடத்தில் அவள் விரல்கள் மட்டும் வேகமாகப் போகும்.

ஐந்தாவது வாரம், வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் முதல் தடவை வந்தார். திருச்சானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் அவருக்கு அறை இருந்தது. மென்மையாகப் பேசுவார். தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டார், பக்கத்தில் வைத்துக்கொள்வார். ரெக்சின் பைக்குள் ரப்பர் பேண்டு போட்ட பாஸ்போர்ட்டுகள். குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்காரி வேண்டும், விசா கையில் இருக்கிறது, உங்கள் பெண்ணுக்குத்தான் பாஸ்போர்ட் தயாராக இருக்கிறதே என்றார். அதை யார் சொன்னார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

"அங்க போனா தேடிப்பாக்கலாம் இல்ல" என்றாள் அக்கா.

"ஏன் பாக்கக்கூடாது? அத்தனையும் நம்ம ஜனம்தான் அங்க."

அவர் போனபின் அம்மா அன்று முழுவதும் பேசினாள். "தேடறதுக்கு அது இன்னா நம்ம புத்தூர் சந்தையா? பக்கத்துத் தெருவுல ஒருத்தி போனாளே, ஒரு வருஷம் ஆச்சு, என்னா சேதி வந்துது? இருக்கற எடத்துல இருந்தா வர்றவன் வருவான்."

நைனா மட்டும் சொன்னார்: "போன்னும் சொல்லமாட்டேன்மா, வேணான்னும் சொல்லமாட்டேன். உன் வாழ்க்க. நீதான் சொல்லணும்."

அக்கா பாக்கலாம் என்றாள். தனியாக இருக்கும்போது என்னிடம், "அந்த டிவில வர்றவ இன்னா பண்றான்னு பாக்கலாம்டி. எனக்கு முன்னாடி அவ முடிவு பண்ணட்டும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைய டைரியில் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எழுதியிருக்கிறேன்.

ஏழாவது வாரம் தொடரில் கொழுந்தன் ஒரு விமான டிக்கெட்டைக் கொண்டுவந்து அந்த மனைவியிடம் நீட்டினான். போய்த் தேடுங்கள் அண்ணி என்றான். மாமியார் வேண்டாம் என்றாள். மாமனார் செய்தித்தாளை மடித்தார். அவள் டிக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அந்த முகத்தில் நிறுத்தினார்கள். புதன்கிழமை அதைப் படித்துக் காட்டியபோது அக்கா முடிச்சுப் போடுவதை நிறுத்தினாள். "மறுபடி படி" என்றாள். கடைசி நான்கு வரியை மூன்று முறை படித்தேன்.  அந்த வாரம் முழுவதும் அம்மா பாத்திரம் வைக்கும் ஓசைகூட மாறியிருந்தது.

எட்டாவது செவ்வாய்க்கிழமை அத்தை வீட்டார் பேரனுக்கு மொட்டை போடத் திருமலைக்குப் போயிருந்தார்கள். நான் தனியாக டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஏழு இருபதுக்கு ஏஜெண்ட் வந்தார். நைனாவைக் கூப்பிட்டேன். அம்மா போய் அவர் தறிகளில் நின்றாள். நைனா முன்னறைக்கு வந்ததும் முதல் வேலையாக டிவியை அணைத்தார். வீட்டுக்கு வந்த மனிதர் முன்னால் அது ஓடினால் மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். ஏஜெண்ட் டிவிக்கு நேர் எதிரில், என் இடத்தில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த விசா வேறொரு பெண்ணுக்குப் போய்விடும் என்றார். நிதானமாகப் பேசினார். இடையில் சும்மாவும் உட்கார்ந்திருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழரை. ஏழே முக்கால். எட்டு. எட்டே காலுக்குத்தான் எழுந்தார். தண்ணீர் டம்ளர் நிறைந்தபடி இருந்தது. கொட்டகையில் தறிகள் ஒரு கணமும் நிற்கவில்லை. முன்னறையில் டிவி ஓடவில்லை என்பது அங்கே யாருக்கும் தெரிய வழியில்லை.

சாப்பிடும்போது நைனா அக்காவிடம் வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னார். அவள் தலையாட்டினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும்: காலையில் நோட்டைக் கொண்டுவா.

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஏன் சொல்லவில்லை என்று பல வருடம் யோசித்து, கடைசியில் ஒரே ஒரு காரணம்தான் மிஞ்சுகிறது. ஏழு வாரமும் ஒரு வரி விடாமல் எழுதிய நோட்டில் எட்டாம் வாரம் மட்டும் வெள்ளையாக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். யார் யார் வந்தார்கள், என்ன நிறம், என்ன பேச்சு, எல்லாம் எப்போதும் போல.

அந்த மனைவியைக் கிளம்ப வைத்தேன். அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. அடுத்த வாரம் நிஜத் தொடரில் அவள் வீட்டிலேயே இருந்தால், பாதி வழியில் திரும்பிவிட்டாள் என்று சொல்லிச் சமாளிக்கலாம். அவளைப் போகாமல் நிறுத்திவைத்து, அடுத்த வாரம் அவள் விமானத்தில் உட்கார்ந்திருந்தால் சமாளிக்க முடியாது. இவ்வளவு யோசித்த எனக்கு வெள்ளிக்கிழமை அடுத்த செவ்வாய்க்கு முன்னால் வருகிறது என்பது தோன்றவில்லை.

புதன்கிழமை காலையில் படித்தேன். கொட்டகையில் என் குரல் மட்டும் இருந்தது. முடித்ததும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"போயிட்டாளா?"

"ம்."

"மாமியாகாரி அழுதாளா?"

"அழுதாங்க. கடைசியில அவங்களே பொட்டிய எடுத்துக் குடுத்தாங்க." இது நோட்டில் இல்லை.

"அவ அழல?"

"இல்ல."

"ராத்திரி அந்த ஏஜெண்டு வந்திருந்தாரே, நீ எப்டிப் பார்த்த?"

"நைனாவும் அவரும் வாசல்ல நின்னு பேசினாங்க. நான் சத்தத்தக் கம்மி பண்ணிட்டுப் பார்த்தேன்."

இதைச் சொன்னபோது என் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்கா கையிலிருந்த முடிச்சை முடித்தாள், இழையைப் பல்லால் கடித்து அறுத்தாள். எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தில் அவள் அம்மாவின் முன்னால் போய் நின்று, உதடு மட்டும் அசைய, ஏதோ சொன்னாள். அம்மா நூல் சுற்றும் கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நானும் அக்காவும் திருப்பதி பஸ் ஏறினோம். பாஸ்போர்ட்டை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, அதை ஜாக்கெட் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். புத்தூர் தாண்டியது. பிறகு கேட்டாள்.

"அவ இன்னா பொடவ கட்டிக்கினு போனா?"

"காபிக்கொட்ட கலரு. நோட்டுல இருக்குதே."

"ஆமா, படிச்ச இல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்கிட்ட அந்தக் கலருல ஒண்ணும் இல்ல."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வடமாலப்பேட்டை வந்தது. சொல்லலாம் என்று திரும்பினேன். கண்டக்டர் வந்து சில்லறை கேட்டார். பிறகு திருப்பதி வந்துவிட்டது. பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போனோம். லாட்ஜ் மாடிப்படியில் ஏற்கெனவே ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு கவர்.  கோயில் பக்கத்திலிருந்து நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் முறை வந்தபோது ஏஜெண்ட் பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், அவள் கைகளைத் திருப்பிக் காட்டச் சொன்னார்.

"தறியில நிக்கற கை. பரவால்ல" என்றார். பிறகு தெலுங்கில், "ரெண்டேள்ளு அம்மா, சூஸ்தூ சூஸ்தூ அயிப்போத்தாயி" என்றார். இரண்டு வருடம்தானே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடிவிடும் என்று. பாஸ்போர்ட்டை மற்றவற்றோடு சேர்த்து ரப்பர் பேண்டுக்குள் சொருகினார். ரப்பர் சுளீரென்று அடித்துக்கொண்டது. வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வேர்த்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா ஏழு மணிக்கே முகம் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். இனி யார் பார்த்தாலும் பரவாயில்லை என்பது போல டிவிக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். அத்தையும் மருமகளும் மொட்டைப் பிரசாதத்தோடு வந்திருந்தார்கள்.

"போன வாரம் இன்னா ஆச்சு, சொல்லுடி" என்றார் அத்தை.

எனக்கு முன்னால் அக்கா சொன்னாள்: "போயிட்டா அத்தை. புருஷனத் தேடிக்கினு."

"அடிப்பாவி. நெசமாவா?" அத்தை அக்காவின் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அக்கா எழுந்து போகவில்லை. திருப்பி அவரையே பார்த்தாள்.

ஏழரைக்கு நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி ஒருவர் பேசினார். ஏழே முக்கால் வரை பார்த்தோம். தொடருக்கான அறிவிப்பு எதுவும் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய் கிராமிய நடனம். அதற்கும் அடுத்த வாரம் பழைய பாட்டுகள். ஏன் நிறுத்தினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கடைசிவரை எனக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் டிவியை அணைத்துவிட்டு நான் சொன்னேன்: "இனிமே வராது போலக்கா. அவ என்னா ஆனாளோ."

அக்கா ரொம்ப அமைதியாகச் சொன்னாள்: "ஆனா போயிட்டா இல்ல? அது போதும்."

அதற்குப் பிறகு சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒருத்தி முன்னால் போயிருக்கிறாள் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே துணை. அதையும் பிடுங்கிக்கொண்டு அனுப்புவதா என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் அதுவும் எனக்கு நானே கண்டுபிடித்துக்கொண்ட சௌகரியம்தான். மறு வாரம் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை குத்தி வந்துவிட்டது. மெட்ராஸ் விமான நிலையத்தில் அவளையும் சேர்த்து எட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஏஜெண்டின் ஆள் எண்ணிப் பார்த்து உள்ளே அனுப்பினான். அக்கா ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தாள்.

முதல் ஐந்து மாதத்தில் நான்கு கடிதம். வீடு பெரியது, மேடம் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாள், வெளியே அனுப்புவதில்லை. கடைக்குக் கூட்டிப்போகும் நாளில் நிற்கும் டிரைவர்களிடம் மாமாவைப் பற்றி விசாரித்ததாக எழுதியிருந்தாள். தெலுங்கில் கேட்டதாகவும், ஒருவர் தெரியும் என்று சொல்லிவிட்டு மறுதடவை வரவில்லை என்றும். ஐந்தாவது கடிதம் தாமதமாக வந்தது. அதில் இரண்டே வரி.

எட்டாவது மாதம், ஒரு மத்தியானம், மாமா வந்தார்.

கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும். முகம் பாதியாகியிருந்தது. லாரி ஒருவர் மேல் ஏறிவிட்டது, ஜெயிலில் போட்டார்கள், வெட்கத்தில் எழுதவில்லை, இப்போது விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றார். கொட்டகைப் பக்கம் பார்த்தபடியே சொன்னார். அக்காவின் இரண்டு தறிகளும் துணி மூடி நின்றன. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நைனாதான் விஷயத்தைச் சொன்னார். மாமா கேட்டுக்கொண்டார்.  சாப்பிட்டார். முன்னறையில் நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் அதே இடம். இப்படி நான்கு நாள். அக்காவுக்குத் தந்தி கொடுத்தோம், கடிதம் எழுதினோம், திருச்சானூருக்கு நைனா போய்வந்தார். லாட்ஜ் மாடி அறையில் வேறு யாரோ இருந்தார்களாம்.

அவர்கள் இருவரும் இப்போது சித்தூரில் இருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை போய்வருகிறேன். அக்காவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை சொன்னேன், வேறு ஒருவரிடம். மாமா வந்த ஐந்தாவது நாள்.

காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா டம்ளரை வாங்கிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

"நான் வந்திருப்பேனே. எட்டு மாசம் இருந்திருந்தா வந்திருப்பேனே. யாரு அவளப் போகச் சொன்னது?"

"நான்தான் மாமா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தபின் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மச்சினிச்சி கிண்டல் பண்ணித் தன்னைத் தேற்றப் பார்க்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீயா? நீ சொல்லி அவ என்னிக்குக் கேட்டா?"

காப்பியைக் குடித்தார். மறுபடி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அக்கா திரும்பி வர அப்போது இன்னும் இரண்டு வருடம் ஏழு மாதம் இருந்தது. அன்று அது எங்கள் இருவருக்கும் தெரியாது.